எட்டாவது செல்

ஆம்பூர் பஜாரில் நயீம் அகமது சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. தோல் தரகு அவர் தொழில். ஆனால் பேரம் தொழிலோடு நிற்கவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில், இரண்டாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று டாக்டரைக் கேட்டு, வலிக்காத பல்லையும் கொடுத்துவிட்டு வந்தவர். அந்தக் கதையை அவரே எல்லோருக்கும் சொல்வார். முடிவில், "ஆனா ரேட்டு கம்மி" என்று ஓட்டைப் பல் தெரியச் சிரிப்பார்.

எதிர்க்கடை சத்தார் இதற்கு நேர்மாறு. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ரசாயனம் விற்பவர். பள்ளிக்கூடத்து தோஸ்த். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு வியாபாரியின் பிள்ளை இப்படி நடந்துகொள்வதை நயீம் ஒரு வியாதியாகவே பார்த்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் சத்தாரின் மைத்துனர் ஷார்ஜாவிலிருந்து வரும்போது ரிமோட்டில் ஓடுகிற விளையாட்டுப் படகு இரண்டு கொண்டுவந்தார். ஒரே அளவு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வெறும் உடம்பும் ரிமோட்டும்தான். மோட்டார், ப்ரொப்பல்லர், பேட்டரி மூன்றையும் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். நரைத்த தாடிக்காரர்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று என்று முடிவாயிற்று. டீக்கடையில் பேச்சு வளர்ந்தது. பேரம் பேசி வாங்கிய சாமானோடு ஓடும் படகு ஜெயிக்குமா, பேசாமல் வாங்கியதோடு ஓடுவதா என்று பந்தயம் கட்டினார்கள். சத்தார் தோற்றால் ஒரு வருஷத்துக்கு நயீமைக் கூட்டிக்கொண்டு போகாமல் கைக்குட்டை கூட வாங்கக்கூடாது. நயீம் தோற்றால் ஒரு வருஷத்துக்கு சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். தோல் வியாபாரத்துக்கு மட்டும் விலக்கு.

சிரித்துக்கொண்டேதான் கை கொடுத்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தார். தினம் கத்தரிக்காய்க்காரியிடம் தீட்டிக்கொள்ளாத வாய் தோல் மண்டியில் எப்படி ஓடும்? பேரம் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் தொப்பையும் தொப்பியும்தான் என்று அவருக்கே தெரியும்.

இருவரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போனார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் சந்து ஒன்றில் மூர்த்தி என்பவர் இந்தச் சாமான்களை வைத்திருந்தார். சத்தார் படகின் படத்தைக் காட்டி, இதற்கு எது பொருந்தும் என்று கேட்டார். மூர்த்தி ஒரு மோட்டாரையும், ஆறு செல் கொண்ட பேட்டரியையும், கட்டைவிரல் நீளத்துக்குக் குறைவான இரண்டு இதழ் ப்ரொப்பல்லரையும் எடுத்து வைத்தார். "இது போதும் சார்" என்றார். சத்தார் பணத்தைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து டீ வரவழைத்துக்கொண்டார்.

நயீமுக்கு அந்த "போதும்" தைத்தது. மண்டியில், 'இது உங்களுக்கு வேணாம் பாய்' என்று ஓரமாகத் தள்ளி வைக்கிற கட்டுக்குள்தான் முதல் தரத் தோல் இருக்கும். விற்கிறவர் போதும் என்றால் பின்னால் எதையோ ஒளிக்கிறார். சத்தாரின் இரண்டாவது டீ ஆறுவதற்குள், அதே மோட்டாருக்கு, அதே விலையில், மூன்று இதழ் வைத்த பெரிய ப்ரொப்பல்லரை வாங்கிவிட்டார். அதோடு விடவில்லை. பேட்டரிக்குக் கொசுறாக ஏழாவது செல் கேட்டார். கிடைத்தது. கிடைத்ததால் எட்டாவதும் கேட்டார்.

மூர்த்தி எட்டாவது செல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "பாய், மோட்டார் சும்மா சுத்தறதுக்கு இல்ல, தண்ணிய தள்ளணும். பெரிய விசிறி போட்டா பாரம் ஜாஸ்தி, கரண்டை உறிஞ்சும். அதுக்கு மேல வோல்ட்டையும் ஏத்துனீங்கன்னா மோட்டார் வெந்துடும். வோல்ட்டை ஏத்தறதுன்னா விசிறிய சின்னதாக்கணும். ரெண்டையும் ஏத்தக் கூடாது."

கொடுக்க மனமில்லாதவன் சொல்கிற காரணங்களிலேயே இதுதான் அழகானது என்று நயீம் ரசித்தார். கையை நீட்டியபடியே இருந்தார். மூர்த்தி செல்லை அந்தக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

வீட்டில் வெற்றியை விவரித்தபோது அவர் மனைவி ரஃபத் ஜஹான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கடைக்காரரு எதுக்குங்க சும்மா குடுத்தாரு?"

"என் தொல்லை தாங்காமதான்."

"அவராலயே தாங்க முடியல. மோட்டார் தாங்குமா?"

நயீம் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

ஆலங்காயம் போகிற வழியில் ஒரு ஏரி. ஐப்பசி மழையில் நிரம்பியிருந்தது. பஜாரில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்றார்கள். சத்தாரின் காலி ரசாயனக் கேன்கள் இரண்டைக் கல் கட்டி மிதக்கவிட்டு, அவற்றைச் சுற்றி மூன்று சுற்று என்று ஏற்பாடு.

நயீமின் சிவப்புப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. சத்தாரின் நீலம் பின்னால் முனகிக்கொண்டே வந்தது. முதல் சுற்று முடிவதற்குள் இடைவெளி லாரி நீளத்துக்கு விழுந்துவிட்டது. நயீம் ஒரு கையால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூட்டத்துக்கு எட்டாவது செல்லின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொசுறு என்பது வெறும் பொருள் இல்லை, அது ஒரு மரியாதை என்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

இரண்டாவது சுற்றின் நடுவில் ஒரு வாடை வந்தது. பிறந்ததிலிருந்து பச்சைத்தோல் நாற்றத்தில் வளர்ந்த மூக்கு அவருடையது. எந்த வாடைக்கும் சுளித்ததில்லை. இதற்குச் சுளித்தது. படகிலிருந்து ஊதுபத்தி போல மெல்லியதாகப் புகை கிளம்பியது. மூக்கு இறங்கியது. வேகம் இறங்கியது. மோட்டாரின் சூட்டில் ஈயப்பற்று உருகி ஒயர் கழன்றதோ என்னவோ, கேனுக்குப் பக்கத்தில் சிவப்புப் படகு வாத்து போல உட்கார்ந்துவிட்டது. ரிமோட்டின் குச்சியை நயீம் எவ்வளவு தள்ளியும் அது இறங்கி வரவில்லை. கட்டுப்படியாகாத விலை சொன்ன ஆளைப் பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீலப் படகு அதே முனகலோடு பக்கத்தில் கடந்து போய், மூன்று சுற்றையும் முடித்தது. அதோடும் நிற்கவில்லை. சத்தார் அதைத் திருப்பி அனுப்பி, செத்த படகை மூக்கால் முட்டி முட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். தோற்றதைக்கூட நயீம் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த முட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒன்றரை சுத்து நான்தானே முன்னாடி? பாதிக்குப் பாதி. ஆறு மாசம்னு வெச்சுக்கலாம்" என்றார்.

"இதுவும் பேரம்தான் பாய்" என்றார் சத்தார். "வருஷம் இப்பவே ஆரம்பிச்சிடுச்சி."

புது மோட்டாருக்காக மறுபடி சென்னை போனார்கள். நயீமை வாசலில் பார்த்ததுமே மூர்த்தி பெருமூச்சு விட்டு, ஒரு விலை சொன்னார். போன தடவையைவிட நன்றாகவே ஏறியிருந்தது. நயீமின் வாய் தானாகத் திறந்தது. பின்னால் சத்தார் இருமினார். வாய் மூடியது. நயீம் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தார்.

மூர்த்தி பணத்தைத் தொடவில்லை. "இன்னா பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சரியாகத்தான் இருக்கிறது என்றார் நயீம். மூர்த்தி சங்கடத்தோடு பாதியளவு நோட்டுகளைப் பிரித்துத் திருப்பித் தள்ளினார். "இதாங்க விலை. நீங்க இறக்குவீங்கன்னு ஏத்திச் சொன்னேன்."

நயீம் திரும்பி வந்த நோட்டுகளை எண்ணிப் பார்த்தார். வழக்கம் போல வாயாடியிருந்தால் இதே இடத்துக்குத்தான் இறக்கியிருப்பார். அதற்கே வீட்டில் பிரியாணி ஆக்கச் சொல்லியிருப்பார். ஆம்பூர் பஜாரின் ஒவ்வொரு கடையும், கத்தரிக்காய்க்காரி உட்பட, வரிசையாகக் கண்முன் வந்து போனது. இத்தனை வருஷமாக அவர் இறக்கியதெல்லாம், அவர் வருவதைப் பார்த்து ஏற்றி வைத்த சரக்கு. பல் டாக்டரை நினைத்தபோது நாக்கு தானாக அந்த ஓட்டையைத் தடவியது.

மூர்த்தி மனசு கேட்காமல் சின்ன ப்ரொப்பல்லர் ஒன்றை எடுத்து மோட்டாரின் மேல் வைத்தார். கேட்காமல் வந்த கொசுறு. நயீம் திரும்பி சத்தாரைப் பார்த்தார். இதற்குப் பந்தயத்தில் தடை இல்லை என்று சத்தார் தலையசைத்தார்.

நயீம் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஆறு செல்லுக்கு இது பொருந்துமா சார்?"

"கரெக்டா பொருந்தும் பாய்" என்றார் மூர்த்தி.

இவ்வளவு சட்டென்று சொல்கிறாரே, ஏன் என்று நயீமுக்குள் ஒருவர் முணுமுணுத்தார். நயீம் ப்ரொப்பல்லரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளே முணுமுணுத்த அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.