ஒன்று புள்ளி இரண்டு

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. கொல்லிமலை, குண்டனி நாடு. சிறுதானிய உழவர் குழுவின் அலுவலகக் கணினியில் காலை 6.42 மணிக்கு ஒரு பிழை பதிவானது.

தவ்பீக் அதைப் படித்தபோது மணி பத்தரை. சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஏதோ எர்ரர் வந்து வந்து போகிறது என்று குழுவின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கோகிலவாணி போனில் சொல்லியிருந்தாள்.

அந்தக் கணினிக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். போன வருட மழையில் மேட்டுச் சரிவில் விரிசல் விட்டது. அதற்குப் பிறகு ஒரு தனியார் நிறுவனம் வந்து அங்கே நான்கு கம்பிகளை நட்டுவிட்டுப் போயிருந்தது. கம்பிகள் எவ்வளவு சாய்கின்றன என்பதைக் கணினி இரவும் பகலும் பார்க்க வேண்டும். ஐந்து டிகிரியைத் தாண்டினால் சைரன் அலறும். சரிவுக்குக் கீழே இருக்கும் எட்டு வீடுகளையும் காலி செய்ய வேண்டும். திரையில் இப்போது 1.2 என்று இருந்தது, பச்சை நிறத்தில்.

“மழைன்னு மூணு நாளா எல்லாரும் பள்ளிக்கூடத்துலதான் படுத்திருந்தாங்க பாய்,” என்றாள் கோகிலவாணி. “காலைல பச்சையா இருக்கறதப் பாத்துட்டு நாந்தான் ஊட்டுக்குப் போலாம்னு சொன்னேன். மொத ஆளா எங்கம்மா கெளம்பிருச்சு. எருமையக் கறக்கோணுமாம்.”

தவ்பீக் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருந்தது. அளவீட்டு எண்ணிகளை, அதாவது கம்பிகளின் சாய்வைக் கணினி எண்ணாக வாங்கும் இடங்களை, படிக்க முடியவில்லை, சேகரிப்பு நிறுத்தப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னொரு வரியும் இருந்தது. கணினி எதிர்பாராத விதமாக நின்றது.

“திங்கக்கெழம மத்தியானம் மூணு பத்துக்கு இங்க என்னங்க ஆச்சு? கரண்ட் போச்சா?”

வாசல் பக்கம் நின்றிருந்த காவல்காரர் சின்னுசாமி முன்னால் வந்தார். “கரண்டு போவலீங்க. இடி இடிச்சுது. நாந்தான் பிளக்கப் புடுங்கினேன்.”

“யு.பி.எஸ். இருக்குதே?”

“அதையுந்தான் புடுங்கினேன். அதுக்குள்ளயும் கரண்டுதான இருக்குது? படிச்ச ஆளு, இது தெரியாதா பாய்?”

இடி இறங்கும்போது அரிவாள், கடப்பாரை என்று வீட்டில் இருக்கும் இரும்பையெல்லாம் வாசலில் வீசிவிடுவது மலை ஆட்களின் வழக்கம். “இதையும் வீசிப்போடலாம்னுதான் பாத்தேன், கண்ணு உடல,” என்று கோகிலவாணியைக் காட்டிச் சிரித்தார். முன்பு ஒருமுறை மின்னலில் குழுவின் பழைய கணினி எரிந்துபோயிருந்தது. அன்றிலிருந்து இதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. இடி நின்றதும் கோகிலவாணி பிளக்கை மாட்டிவிடுவாள். இந்தத் தடவை இன்று காலை 6.42க்குத்தான் மாட்டியிருந்தாள்.

தவ்பீக்கும் சிரித்தான். அப்புறம் தேதிகளைப் பார்த்தான். ஜூனில் இரண்டு, ஆகஸ்டில் நான்கு, செப்டம்பரில் ஏழு. எல்லாமே இடி இடித்த நாட்கள். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி எண்ணிகளின் பட்டியல் சிதைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கம்பிகளின் கணக்கைக் கணினி கைவிட்டிருக்கிறது. யாராவது திரும்ப ஓடவிடும்வரை கடைசியாகப் படித்த எண்ணையே திரையில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பெருமழை பெய்த நேரம் ஒன்றுகூட அதில் பதிவாகவில்லை.

“ஏம்மா,” என்றான். “இந்த ஒன்னு புள்ளி ரெண்டு இன்னைக்கு எண்ணு இல்ல. திங்கக்கெழம எண்ணு.”

கோகிலவாணி திரையையே பார்த்தாள்.

அவன் பட்டியலைத் திரும்பக் கட்டும் கட்டளையைக் கொடுத்தான். அது ஓடி முடிவதற்குள் கூரைக்கு மேலே இடி உருண்டது. சின்னுசாமியின் கை தானாகச் சுவரிலிருந்த பிளக்கின் பக்கம் போயிற்று. தவ்பீக் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்.

“அண்ணா, இன்னைக்கு எரிஞ்சா எரியட்டும்.”

எண் மாறியது. 6.4. சிவப்பு.

வெளியே சைரன் அலறத் தொடங்கியது. வீடுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம். மழையில் அங்கே கேட்குமா என்பது யாருக்கும் தெரியாது. கோகிலவாணி அம்மாவின் பக்கத்து வீட்டுத் தேன்மொழியைப் போனில் கூப்பிட்டாள். “அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே வெளிய வாங்க. துணிமணியெல்லாம் எடுக்காதீங்க. எங்கம்மா எங்க?” கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது. “மேல மாட்டுப்பட்டிக்கா? எப்பப் போச்சு? அக்கா? அக்கா?”

லைன் போய்விட்டது. சின்னுசாமி மொபெட்டை உதைத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தவ்பீக் திரையின் முன்னால் தனியாக இருந்தான். 6.9. 7.3. 8.8. பார்ப்பதைத் தவிர அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 11.26க்கு நான்கு கம்பிகளின் எண்களும் ஒன்றாக மறைந்தன. பதிவேட்டில் புதிதாக ஒரு வரி விழுந்தது. கம்பிகளிலிருந்து பதில் இல்லை.

பழக்கதோஷத்தில் வயரை அழுத்திப் பார்த்தான். சேவையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். இரண்டாவது முறையும் செய்தான். எண்ணிகள் சரியாக இருந்தன, பட்டியல் முழுதாக இருந்தது. கணினியில் கோளாறு எதுவும் இல்லை. சைரன் சத்தத்தில் வேறெதுவும் கேட்காமல் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தான். எழுந்து போய் அதை நிறுத்தினான். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் கத்துவது கேட்டது.

சரிந்த மண் எட்டு வீடுகளில் ஆறை மூடியிருந்தது. தேன்மொழி அழைத்து வந்த இருபத்து மூன்று பேர் பாதைக்கு வந்துசேர்ந்துவிட்டார்கள். கோகிலவாணியையும் சின்னுசாமியையும் அவர்கள் பாதை வளைவிலேயே மறித்து நிறுத்தியிருந்தார்கள். கோகிலவாணியின் அம்மா பாப்பாத்தியின் உடல் மறுநாள் காலை 9.15 மணிக்கு, மாட்டுப்பட்டிக்குச் சற்றுக் கீழே எடுக்கப்பட்டது.