ஆணி டப்பாவில் ஐந்து மாதம்

மருத்துவ ஆராய்ச்சிக்கென்று எங்கள் வட்டாரத்தில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. வசதியானவர்களிடம் வாங்கி, உள்ளூர் டாக்டர்கள் செய்யும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது அதன் வேலை. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில் கூட்டம் போடுவது, படம் எடுப்பது, எடுத்த படத்தைக் காட்ட மறுபடி கூட்டம் போடுவது, அவ்வளவுதான்.

அதன் செயலாளர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். அவருக்கு நான் வைத்த பெயரே கோட்டுதான். போன வருஷம் அவருடைய ஆட்கள் எங்கள் தெரு நூலகத்தில் மேஜை போட்டு எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். என் வீட்டுக்காரிக்கு டாக்டர், நர்ஸ் என்றால் உயிர். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு எகிறிக் கிடந்தது. புது மாத்திரை ஒன்றைச் சோதிக்க நாற்பது பேர் வேண்டுமாம், என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளை, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வரும்வரை பரீட்சையில் பெயிலானவள் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சு. ஒழுங்கா மாத்திரையைப் போடுங்க" என்றாள்.

போடுவேனா? முப்பத்தெட்டு வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். சரக்கு லாரி மேடையில் ஏறி நிற்கும். எத்தனை டன் என்று நான் சீட்டு எழுதித் தர வேண்டும். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துகிறவன், மணலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறவன், மச்சானையே சரக்குக்குள் படுக்க வைக்கிறவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. ஒருவன் எதையாவது ஓசியில் நீட்டினால், எந்தச் சக்கரம் வெளியே நிற்கிறது என்றுதான் நான் குனிந்து பார்ப்பேன்.

அதனால் தினமும் காலையில் ஒரு மாத்திரையை எடுத்து, அலமாரி மேலிருந்த பழைய ஆணி டப்பாவுக்குள் போட்டேன். மூடியில் உண்டியல் மாதிரி ஒரு துளை வெட்டியிருந்தேன். மாத்திரை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. தூர எறிந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சாட்சி வேண்டும். கோட்டு மேடையேறி "வெற்றி" என்று மார்தட்டும் நாளில், டப்பாவை அவர் முன்னால் கவிழ்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அவர்கள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நர்ஸ், நாங்கள் மாத்திரைக்காரம்மா என்போம், மிச்ச மாத்திரைகளை நீலத் தட்டில் கொட்டி, ஒரு தட்டையான கரண்டியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணுவாள்.

"ஐயா, முப்பத்தஞ்சு குடுத்தேன். நாள் முப்பது. அஞ்சுதான் இருக்கணும், ஆறு இருக்கே?"

"ஒருநாள் மறந்துட்டேன்மா."

எல்லாம் கச்சிதமாக இருந்தால்தான் சந்தேகம் வரும். ஒன்று பிசகினால் நம்பிவிடுவார்கள். லாரிக்காரர்களிடம் நான் கற்றது. அவளும் நம்பி எழுதிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால் என் அழுத்தம் இறங்கியது. உப்பைக் குறை, நட என்று அவர்கள் கொடுத்த தாளை வீட்டுக்காரி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள். உப்பில்லாமல் தின்று நாக்கு செத்துப்போய், அந்த எரிச்சலில் தெருத்தெருவாக நடந்தேன். அழுத்தம் மளமளவென்று இறங்கிற்று. கோட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "நாற்பது பேர்ல நீங்கதான் முதல்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆள் வைத்துப் படம் எடுத்தார். ஆண்டுக் கூட்டத்தில் நான் மேடையில் பேச வேண்டுமாம்.

இதற்கிடையில் வீட்டில் அவள் விழ ஆரம்பித்தாள். முதலில் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தாள். பிறகு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் குளியலறைப் படியில் சாய்ந்து நெற்றியில் நாலு தையல். தெருமுனை டாக்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வயசாச்சு, சத்தில்லை" என்று ஒரு டானிக் எழுதினான். அதைக் குடித்துவிட்டும் விழுந்தாள்.

ஆண்டுக் கூட்டத்தன்று காலை. சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல்முறையாக டப்பாவைக் கையில் எடுத்தேன்.

எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எடை பார்த்த கை இது. நூற்றைம்பது மாத்திரை கனக்க வேண்டிய டப்பா காலி மாதிரி இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இதைத் திறந்தது யாரு?"

"பேய் வந்து திறந்துச்சு."

"மாத்திரை எங்கடி?"

"வயித்துல." நிதானமாகத்தான் சொன்னாள். "ரெண்டாம் மாசம் அலமாரியை நகர்த்திப் பெருக்கினேன். கலகலன்னுச்சு. நாற்பது பேருக்கு மட்டும் குடுத்த மாத்திரை, வீணாக்க மனசு வரல. தினம் ஒண்ணு போட்டேன்."

"உனக்குத்தான் பிரஷரே இல்லையே!"

"வராம இருக்கட்டுமேன்னுதான். மாத்திரையால உங்களுக்கு இறங்குச்சுன்னு ஊரே சொல்லுது."

"நான்தான் போடலையேடி!"

"அதை ஊருக்குச் சொன்னீங்களா?"

டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

"மாசாமாசம் உங்க கையைப் பிடிச்சுப் பார்க்கிறாங்க. என்னை யாரு பார்த்தா?" என்று முணுமுணுத்தாள்.

இன்று போட்டாயா என்றேன். போட்டேன் என்றாள். அவளைப் படுக்க வைத்து, எழுந்திருக்காதே என்று சொல்லி, பக்கத்து வீட்டம்மாவைக் காவல் வைத்துவிட்டு ஓடினேன்.

மண்டப வாசலில் ஆறடி உயரத்துக்கு என் முகம், இளித்துக்கொண்டு. கோட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க, நம்ம ஹீரோ!"

"மாத்திரைக்காரம்மா எங்கே?"

அவள் உள்ளே நாற்காலிகளில் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவை அவளிடம் நீட்டி, நான் ஒன்றைக்கூட விழுங்கவில்லை, விழுங்கினது என் வீட்டுக்காரி என்று, கோட்டு கேட்கும்படியே சொன்னேன்.

கோட்டு முகம் வெளிறியது. கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க ஐயா. கூட்டம் முடியட்டும். மேடையில ரெண்டே வார்த்தை சொல்லிட்டு..."

"என் பொண்டாட்டி மண்டை உடைஞ்சு கிடக்கா."

"அது தனி விஷயம். அவங்க நம்ம ஆராய்ச்சியிலயே இல்லையே."

எத்தனையோ களவாணிகளுக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தை எவன் வாயிலும் வந்ததில்லை. பளாரென்று விட்டிருப்பேன். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

மாத்திரைக்காரம்மா ஒன்றுதான் கேட்டாள். "அம்மா இன்னிக்குப் போட்டாங்களா?"

"போட்டா."

அழுத்தம் பார்க்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "கூட்டம் ஆரம்பிக்கப் போகுது, நீங்க எங்க போறீங்க?" என்று கோட்டு கத்தினார்.

"பார்த்துட்டு வந்து எழுதறேன் சார். ரெண்டையும் எழுதறேன்."

வீட்டில் படுத்திருந்த என் வீட்டுக்காரிக்கு, நூற்றிருபது இருக்க வேண்டிய அழுத்தம் எண்பதைக்கூட எட்டவில்லை. காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திவிட்டு, ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொன்னாள் நர்ஸ். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டாள் என்றாள். வண்டி வரும்வரை தரையில் உட்கார்ந்து டப்பாவைக் கொட்டி எண்ணினாள். முப்பத்திரண்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆறு இருக்குன்னு நம்பி எழுதினேனே ஐயா."

"ஆமாம்மா."

சக்கரத்தை வெளியே விட்டுப் பிடிபட்டவன்கூட என்னிடம் சண்டைக்குத்தான் வருவான். எனக்கு அதுவும் முடியவில்லை.

மூன்று நாளில் வீட்டுக்காரி திரும்பி வந்தாள். வியாழக்கிழமைகளில் மாத்திரைக்காரம்மா வந்து அவள் கையைப் பிடித்து அழுத்தம் பார்க்கிறாள். இவள் காலையிலிருந்தே தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கம் அந்தப் பெண் திரும்புவதில்லை. திரும்ப வேண்டாம்.

போன வாரம் அறக்கட்டளையின் அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் இன்னும் நான்தான் இளிக்கிறேன், முன்பே அச்சாகிவிட்டதாம். மேஜைக்குக் கால் முட்டுக் கொடுக்கலாம் என்று மடிக்கப் போனேன். வீட்டுக்காரி பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுப் பக்கம் பக்கமாகத் தேடி, கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"நாற்பது பேரில் ஒருவர் மாத்திரை உட்கொள்ளாததால் நீக்கப்பட்டார். அவர் வீட்டிலிருந்த ஒருவர் அதை உட்கொண்டு பாதிக்கப்பட்டார்."

அந்தப் புத்தகத்தில் நான் நம்பியது அதை மட்டும்தான். எழுதிய கை யாருடையது என்று தெரியும்.

அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, அடுப்படியில் உப்புத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"பாருங்க," என்றாள், "நானும் வந்திருக்கேன்."