செவ்வாய்க்கிழமை கடல்

எங்கள் அலுவலகத்தில் வெப் சர்வரைத் தொட எனக்கு மட்டும்தான் தைரியம் உண்டு. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் மூன்று அறை வாடகைக் கட்டடத்தில் இருந்தது எங்கள் தொண்டு நிறுவனம். கரையோர ஊர்களின் தகவல் மையங்களுக்குத் தினமும் காற்று, அலை நிலவரத்தை இணையத்தில் கொடுத்துவந்தோம். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் அதைப் பார்த்து ஒலிபெருக்கியில் வாசிப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் கடலுக்குப் போவார்கள்.

2007 ஜனவரியில், சர்வரை ஓட்டும் அப்பாச்சி மென்பொருளின் பழைய 1.3 பதிப்பைத் தூக்கிவிட்டு 2.2 போடுவது என்று முடிவெடுத்தேன். எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் திறந்தால் பழசு திணறியது.

"ஓடுற வண்டிய எதுக்கு நோண்டுற செவ்வந்தி?" என்றார் மேலாளர் குருநாதன்.

"நோண்டல சார், புது எஞ்சின் மாட்டுறேன்" என்றேன்.

நாளையும் நானே குறித்தேன்: செவ்வாய்க்கிழமை. அரசு விதிப்படி விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடல். ஆகவே செவ்வாயன்று கடலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நயினார்கோவில் பக்கம் மிளகாய்க்காட்டில் வளர்ந்தவளுக்குக் கடல் அவ்வளவுதான் தெரியும். யாரிடமும் கேட்கவில்லை.

காலை பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. பழைய பக்கங்களைப் புது இடத்துக்கு நகல் எடுத்து சர்வரை ஓடவிட்டேன். பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. குருநாதனை டீ வாங்கித் தரச் சொன்னேன். முனகிக்கொண்டே வாங்கித் தந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு தேவிபட்டினத்திலிருந்து பாக்கர் பாய் பேசினார். அந்த ஊரில் நிலவரம் வாசிப்பவர் அவர்தான்.

"ஏம்மா, இங்கன கடல் ஒரு மாதிரியா இருக்கு. கம்ப்யூட்டர்ல அமைதின்னு போட்டிருக்கு. வாசிச்சுட்டேன், சரிதானே?"

"சரிதான் பாய். இன்னைக்குத்தான் புது வெர்ஷன் போட்டிருக்கேன், தப்பே வராது. அதுசரி, இன்னைக்கு யாரு கடலுக்குப் போறா?"

"யாரா? பாய்மர வள்ளமெல்லாம் இன்னைக்குத்தானம்மா போகும்! விசைப்படகு வந்தா எங்க வலைய அறுத்துப்புடும்னு, அது போகாத நாளாப் பாத்துத்தான போறோம்" என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.

உடனே எங்கள் பக்கத்தைத் திறந்தேன். தேதி நேற்றையது. காலையில் நான் நகல் எடுத்தது நேற்றைய நிலவரத்தை. பன்னிரண்டு மணிக்கு வந்த புதிய நிலவரமோ, வழக்கம்போலப் பழைய இடத்தில் போய் விழுந்திருந்தது. அந்த வழியை மாற்ற மறந்திருக்கிறேன். அங்கே போய்ப் பார்த்தேன்: மாலை நான்குக்கு மேல் வாடைக்காற்று வலுக்கும், கடலுக்குப் போகவேண்டாம்.

திருத்துவதற்கு முன்னால் பாக்கர் பாயைத்தான் கூப்பிட்டேன்.

"தப்பு என்மேலதான் பாய். காத்து வருது. போகவேண்டாம்னு சொல்லுங்க."

"யா அல்லா! நாலு வள்ளம் போயிருச்சேம்மா. என் தம்பி அலியாரும் போயிட்டான்."

போனை வைக்காமலே ஒலிபெருக்கிக்கு ஓடினார். அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

நான் சர்வரைச் சரிசெய்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா மையங்களுக்கும் போன் செய்தேன். மற்ற ஊர்களில் இன்னும் யாரும் கிளம்பியிருக்கவில்லை. தேவிபட்டினத்தில் மூன்று வள்ளங்கள் குரல் கேட்டுத் திரும்பின. அலியார் குரல் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தார்.

குருநாதனிடம் நடந்ததைச் சொன்னேன். நான்கு மணிக்கு எங்கள் ஜன்னல் கதவே அடித்துக்கொண்டது. அலியாருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு போன் வந்தது.

"வந்துட்டான்ம்மா. பாய்மரம் முறிஞ்சுபோச்சு, ஆளு முழுசா வந்துட்டான்" என்றார் பாக்கர் பாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இந்தா, உன்கிட்ட பேசணுங்கிறான்."

வசவு வாங்கத் தயாரானேன். அலியாருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை எங்களுக்குக் கடல்" என்றார். "அன்னைக்குக் காத்து எப்படிம்மா இருக்கும்?"

"இருங்கண்ணே" என்றேன். முதலில் பக்கத்தின் தேதியைப் பார்த்தேன். பிறகு வியாழன் வரைக்குமான நிலவரத்தை அவருக்கு ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.