வலது கோடியில் ஒரு கைப்பை

எங்கள் ஊரில் முப்பது வருஷமாக நான்தான் படம் எடுக்கிறேன். கல்யாணம், தீவனக் கடைத் திறப்பு, கண்காட்சியில் பரிசு வாங்கிய பன்றி, எதையும் விட்டதில்லை. அந்தப் பன்றிகூட நாலு படத்தில் இருக்கிறது. நான் ஒன்றிலும் இல்லை.

1951 கோடையில் மெயின் தெருக் கடைக்காரர்கள் எல்லோரையும் ஒரே படத்தில் பிடிக்கச் சொன்னார்கள். அதற்கென்றே என்னிடம் ஒரு கேமரா உண்டு. சாவி கொடுத்தால் தானாகச் சுழன்று, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை இருபது வினாடியில் நீளப் படமாக எடுத்துவிடும்.

முந்தின நாள் ஆர்டித்தின் பேக்கரிக்குப் போனேன். கணவரை இழந்தவள். அவள் சுடுகிற செர்ரிப் பழப் பலகாரத்தைச் சாக்கிட்டு நான் தினமும் போய்வந்ததில் என் பெல்ட்டில் ஓட்டைகள் தீர்ந்துவிட்டன.

"சனிக்கிழமை சர்ச் விருந்துக்கு என்கூட வர்றீங்களா?" ஏழு மாத ஒத்திகைக்குப் பிறகு கேட்டேன்.

"கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டே காலத்த ஓட்டிட்டீங்க, டெல்பர்ட். நாளைக்கு நான் வலது கோடியில நிப்பேன். படத்துல என் பக்கத்துல வந்து நில்லுங்க. அப்புறம் விருந்தப் பத்திப் பேசலாம்."

இருபது வினாடி! கேமரா வலது கோடிக்குத் திரும்புவதற்குள் சினைப் பசுகூட நடந்தே அங்கே போய்விடும்.

மறுநாள் நூற்றுச் சொச்சம் பேர் வளைவாக நின்றார்கள். "யார் அசைஞ்சாலும் படம் பாழ்!" என்று கத்திவிட்டு, கேமராவை முடுக்கி, வரிசைக்குப் பின்பக்கமாகச் சுற்றி ஓடினேன். கார்கள் வராமலிருக்க விளக்குக் கம்பத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கட்டியவன் நான்தான். தடுக்கி, மளிகைக்காரரின் டிரக்குக்குப் பின்னால் முகங்குப்புற விழுந்தேன்.

"டேய் டெல்பர்ட், உயிரோட இருக்கியாடா?" வலது கோடியில் ஆர்டித்துக்குப் பக்கத்தில் நின்ற, முடிவெட்டுகிற எம்மெட் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் கேட்டான்.

கண்ணைத் திறந்தால் எதிரே ஆர்டித்தின் காலணிகள். கேமரா இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"நீங்க ஏன் வந்தீங்க? போய் நில்லுங்க! படம் போச்சு!"

"படம் கிடக்கட்டும். முட்டியக் காட்டுங்க."

"அப்ப விருந்து?"

"சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. கிழியாத பேண்ட்டாப் போட்டுக்கிட்டு வாங்க."

அந்தப் படம் இன்று எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் மூக்கை ஒட்டிவைத்துத் தேடுவார்கள். "இதுல நீங்க ரெண்டு பேரும் எங்க?"

ஆர்டித் வலது கோடியைக் காட்டுவாள். எம்மெட் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் பக்கத்தில், இரண்டு ஆள் நிற்கிற இடத்தில், தரையில் ஆர்டித் போட்டுவிட்டு ஓடிவந்த கைப்பை கிடக்கிறது.