மூன்று டம்ளர் அபிஷேகப் பால்

1

ஒரு சமுதாயத்தின் ஆன்மாவை அதன் முகத்தில் வாசித்துவிடலாம்.

இந்த வாக்கியத்தை எழுதியதும் எழுந்து நின்று இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அடுத்த வாக்கியம் என் தங்கை மகளின் வலது கன்னத்தில் இருக்கும் ஏழு பருக்களைப் பற்றியதாக இருந்தாக வேண்டும். இடது கன்னத்தில் நான்கு. சமுதாயத்தின் ஆன்மா அதோடு சரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக உதிக்கவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர்த் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் முருகன் கோயிலின் தலைவர் ஜெயபாலன் கேட்டு வாங்கியது. தைப்பூச மலருக்கு இரண்டு பக்கக் கதை வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே தந்தார்: 'விரதத்தின் மகிமை'. கதைக்கு எதிர்ப்பக்கத்தில் அவருடைய முழுப்பக்கப் படம்.

"ஒங்க தங்கச்சி மக ஷர்மினி இந்த வருஷம் பால்குடம் எடுக்குதுல்ல? மொகத்துப் பருவுக்காக வேண்டுதல்னு கேள்விப்பட்டேன். அதையே எழுதிருங்க எழுத்தாளரே. நாப்பத்தெட்டு நாளு விரதம், குடத்த எறக்குது, மொகம் பளிங்கு மாதிரி ஆயிருது. முடிஞ்சிச்சு."

"விரதமே அடுத்த வாரந்தான் ஆரம்பிக்குது, அண்ணே."

"மலர் பூசத்துக்கு முன்னாடியே அச்சுக்குப் போகணும்லா. முருகன் செய்யப்போறத நாம கொஞ்சம் முன்கூட்டி எழுதுறோம். அவ்ளோதான்."

முருகனுக்கே கெடு வைத்துவிட்ட மனிதரிடம் நான் என்ன பேசுவது? தலையாட்டினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் பொற்கதிர் தவழ்ந்த அந்தப் புலர்காலையில், எழிலரசி ஷர்மினி நீராடி—' (விடுமுறை நாளில் அவள் எழுவது பத்து மணிக்கு. கைவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: 'ஷர்மினிக்கு வயது இருபத்து மூன்று. ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில், முகப்பூச்சு விற்கும் கவுண்டரில் நிற்கிறாள்.' இதில் பொய் ஒன்றுமில்லை. அதனாலேயே இலக்கியம் மாதிரியும் இல்லை. பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம்.

சிக்கல் இந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். பருவுக்குக் கிரீம் விற்பவளின் முகத்தில் பரு. டிசம்பர் மாதம் கடையின் மேற்பார்வையாளர் மிஸ் லிம் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'நீ நல்லா பேசுறே, நல்லா விக்கிறே. ஆனா கஸ்டமர் ஒன் மொகத்த பாக்குறாங்க, கிரீம பாக்குறாங்க, கிரீம திருப்பி வச்சுட்டுப் போறாங்க'ன்னாங்க மாமா. தைப்பூசம் முடிஞ்ச செவ்வாக்கெழம வரைக்கும் டைம். சரியாகலன்னா பின்னாடி ஸ்டோரு."

ஸ்டோர் என்றால் சன்னல் இல்லாத அறை, பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகள், பேச்சுத்துணைக்கு ஒரு மின்விசிறி. அது மட்டுமில்லை. மார்ச்சில் கோலாலம்பூரில் நடக்கும் ஆறு மாத அழகுப் பயிற்சிக்குக் கவுண்டரில் நிற்பவர்களை மட்டும்தான் அனுப்புவார்கள். இரண்டு வருடமாக ஷர்மினி காத்திருந்தது அதற்காகத்தான்.

(இந்த இடத்தில் 'அவள் கண்களில் கனவுகள் மின்னின' என்று எழுதி அடித்திருக்கிறேன். கண்களில் மின்னியது கவுண்டர் விளக்கு.)

3

என் தங்கை குமுதாதான் பால்குடத்தைத் தீர்மானித்தாள். விரதம் தொடங்கியது. மீன் இல்லை, கோழி இல்லை, முட்டை இல்லை. வீட்டுச் சட்டிகள்கூடப் புதியவை.

பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பருக்கள் இருபத்தாறு.

"நஞ்சு வெளிய வருது. நல்ல அறிகுறி" என்றார் ஜெயபாலன், போனில்.

நான் அவளை ஈப்போவிலேயே ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சிவாஜினி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு நாளில் சாப்பிடுவதை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

"சுத்த சைவம் டாக்டர்" என்று ஆரம்பித்தாள் ஷர்மினி. "காலையில மைலோ, டின்பால் ஊத்தி. பத்து மணிக்குக் கேசரி. மத்தியானம் சோறு, உருளக்கெழங்கு, பாயசம். நாலு மணிக்கு வாழப்பழ பஜ்ஜி, டின்பால் தே தாரிக் டீ. ராத்திரி வெறும் பாலும் பழமும். ரெண்டு கிளாஸ் பால். விரதத்துல ஒடம்பு தளந்துருமாம், அம்மா சொல்றாங்க."

"முருகனுக்கு விரதம், சீனிக்கு விருந்து" என்றார் டாக்டர். "விரதத்துக்கு முன்னாடி?"

"மைலோ ஒரு வேளதான்."

டாக்டர் நிதானமாக விளக்கினார். சீனியும் வெள்ளைச் சோறும் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அந்த ஏற்றம் தோலில் எண்ணெய்ச் சுரப்பைக் கூட்டலாம். பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாருக்கும் அல்ல. பஜ்ஜி எண்ணெயைப் பற்றி ஊர் பயப்படுகிற அளவுக்கு ஆதாரம் கிடையாது. சாப்பாடு ஒரு காரணம்தான். பரம்பரை, ஹார்மோன், மன உளைச்சல் எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

எழுத்தாளனுக்கு இது போதாது. "கூட்டுமா, கூட்டாதா? திட்டவட்டமா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்."

"கூட்டலாம்" என்றார் மறுபடியும். "பாலையும் சீனியையும் குறைச்சுப் பாக்கட்டும். ராத்திரியில இந்தக் களிம்பப் போடட்டும்."

"ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா எது வேல செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு முகம் சரியாகணுமா, உங்களுக்குக் கதை சரியாகணுமா?"

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என்னைவிட நல்ல வசனம் பேசுகிறார். அடுத்த பகுதிகளில் அவரைக் குறைத்துக்கொள்கிறேன்.

4

குமுதா ஒப்புக்கொள்ளவில்லை.

"பால்குடம் எடுக்குறவ பால் குடிக்கக் கூடாதாமா? என்னாண்ணே கத இது? முருகன் மேல தெனமும் குடங்குடமா ஊத்துறோம். அவரு மொகத்துல ஒரு பருவக் காட்டுங்க பாப்போம்."*

(* போய்ப் பார்த்தேன். இல்லை.)

ஷர்மினி யாரோடும் சண்டை போடவில்லை. கடைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே ஓ கோசோங் கேட்டாள். அதாவது பாலும் சீனியும் இல்லாத வெறும் டீ. கடைக்காரர் மாயாண்டி அவளைப் பரிதாபமாகப் பார்த்து, "யாரும் செத்துட்டாங்களா பாப்பா?" என்றாராம். வீட்டில் கேசரி வந்தால், "சாமிக்கு வச்சிருங்கம்மா" என்றாள். சாமிக்கு வைத்ததை அவள் அப்பா சாப்பிட்டார். அவர் முகத்தைப் பற்றி இந்தக் கதை எதுவும் சொல்லாது. வயிற்றைப் பற்றியும் சொல்லாது.

ஒரு வாரம், இரண்டு வாரம். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் இருபது. நான்காம் வாரம் பதின்மூன்று.

உடனே பலனுக்கு உரிமை கோருகிறவர்கள் வந்துவிட்டார்கள். மலருக்குக் கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. ஆளுக்கொரு முடிவாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ (ஜெயபாலன் கேட்டது): குடம் இறங்குகிறது. மின்னல் ஒன்று வெட்டுகிறது. ஷர்மினியின் முகம் பளிங்காகிறது. கூட்டத்தில் தலைவர் ஜெயபாலன் முதல் ஆளாகக் கைகூப்புகிறார். (மின்னல் வேண்டாம் என்றேன். கைகூப்புவதை மட்டும் பெரிதாக்கச் சொன்னார்.)

முடிவு ஆ (யாரும் கேட்காதது): பாலையும் சீனியையும் நிறுத்திய பெண்ணுக்குக் களிம்பாலும் காலத்தாலும் பரு ஓரளவு குறைகிறது. காரணம் உறுதியாகத் தெரியவில்லை. முற்றும். (உண்மைக்கு மிக அருகில் இருப்பது இதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் அழவும் மாட்டார்கள், உண்டியலில் போடவும் மாட்டார்கள்.)

முடிவு இ (மிஸ் லிம்முக்குப் பிடித்திருக்கும்): எல்லாம் கவுண்டரில் விற்கும் அந்தக் கிரீமால்தான். (ஷர்மினி அதைப் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். மிஸ் லிம்மிடம் சொல்லிவிடாதீர்கள்.)

மூன்றையும் அனுப்பினேன். மலர் வெளிவந்தது. கதை இருக்க வேண்டிய இரண்டு பக்கத்திலும் தலைவரின் வேறு இரண்டு படங்கள். ஒன்றில் அவர் விரதக்காரர்களுக்குக் கேசரி பரிமாறுகிறார்.

எழுதிக்கொண்டே வரும்போது ஜெயபாலன் கொஞ்சம் கேலிச்சித்திரமாக வீங்கிவிட்டார். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பூசத்தன்று கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு வருபவர்களுக்காகத் தண்ணீர் லாரி வரவழைத்து, முன்னால் நடந்து, தன் செருப்பையும் கழற்றிவிட்டுச் சாலையை நனைப்பவரும் அவர்தான். அதைப் படம் எடுக்க அவர் ஆள் வைப்பதில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

5

பூசம் வந்தது. அதற்கு முந்தின நாள் எண்ணிக்கை ஆறு. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

ஷர்மினி மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, மூன்று கிலோமீட்டர் நடந்தாள். பால் முருகன் தலையில் வழிந்தது. குமுதா கண்ணைத் துடைத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது படக்காரரோடு ஜெயபாலன் வந்தார். கையில் பெரிய எவர்சில்வர் டம்ளர். நுரை ததும்ப அபிஷேகப் பால், தேனும் சீனியும் கலந்து.

"குடிம்மா. ஒரே மடக்கு. இப்படி கேமராவப் பாத்து."

முப்பத்து மூன்று நாளாக அவள் நாக்கில் பால் பட்டதில்லை. ஒரு டம்ளர் பாலால் செவ்வாய்க்கிழமைக்குள் எதுவும் முளைத்துவிடாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கை டம்ளருக்கு நீளவில்லை. வாங்க மறுத்தால் பிரசாதத்தை மறுத்தவள். அம்மா பார்க்கிறாள், ஊர் பார்க்கிறது, படக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். ஷர்மினி என்னைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள், மெதுவாக.

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். "மொதல்ல தாய்மாமன். தாய்மாமன் குடிக்காம மருமக குடிக்கிறது நம்ம வழக்கத்துல ஏது?"

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நொடியில் பிறந்தது. ஆனால் 'அப்படி ஒரு வழக்கமா?' என்று கேட்டால் கேட்பவருக்கு வழக்கம் தெரியாது என்றாகிவிடும். ஆகவே யாரும் கேட்கவில்லை. ஜெயபாலன் அரை நொடி தடுமாறிவிட்டு, "ஆமா ஆமா, தோட்டத்துப் பழைய வழக்கம். இப்பல்லாம் யாரு செய்யிறா" என்றார்.

முப்பது வருடமாக எழுதுகிறேன். நான் எழுதியதில் உடனே அங்கீகாரம் கிடைத்த ஒரே வாக்கியம் அது.

குடித்தேன். ஜெயபாலன் டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினார். "இது பாப்பாவுக்கு."

"வழக்கப்படி மூணு, அண்ணே."

"மூணா?"

"ஒங்களுக்குத் தெரியாததா?"

"மூணுதான், மூணுதான்" என்றார் அவசரமாக. மூன்றாவது டம்ளரோடு பால் பாத்திரம் காலியானது. படக்காரர் நான் குடிப்பதைத்தான் எடுத்தார். குமுதா என்னைப் பார்த்த பார்வையில் அறுபது சதவிகிதம் சந்தேகம், மீதி பெருமை. ஷர்மினி வெறும் டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருநீறு வாங்கிப் பூசினாள்.

(அடுத்த பூசத்துக்கு, பால்குடம் எடுப்பவர்கள் தாய்மாமனை அவசியம் அழைத்து வர வேண்டும் என்று கோயிலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மூன்று டம்ளர் என்பது தடித்த எழுத்தில்.)

6

இப்போது உங்களுக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை. எனக்கும் வேண்டியிருந்தது. அன்று மாலை ஷர்மினிக்குப் போன் செய்தேன்.

"என்னாச்சும்மா? மிஸ் லிம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"எத்தன இருந்துச்சு?"

"மாமா, செவ்வாக்கெழமைய எழுதாதீங்க."

"ஏம்மா?"

"அம்மா, கோயில் தலைவரு, டாக்டர், மிஸ் லிம், அப்புறம் நீங்க. ரெண்டு மாசமா எல்லாரும் என் மொகத்த எண்ணிக்கிட்டே இருக்கீங்க. படிக்கிறவங்களும் எண்ணணுமா?"

எண்ணியவர்கள் பட்டியலில் நான் கடைசியாக இருந்தேன். ஆனால் அதிகம் எண்ணியவன் நான்தான். மேலே பாருங்கள், பகுதிக்குப் பகுதி எண்கள். சரி என்றேன்.

ஆகவே அவளைக் கவுண்டரிலோ ஸ்டோரிலோ மார்ச்சில் கோலாலம்பூர் போகும் பேருந்திலோ, எங்கே வேண்டுமானாலும் நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். கன்னத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

முடிவுக்குப் பதிலாக, ஐந்தாம் பகுதியில் விட்டுப்போன ஒரு தகவலைத் தருகிறேன். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கோயில் கழிப்பறைகள் இரண்டில் ஒன்று பூட்டியிருந்தது. இன்னொன்றின் வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர் நின்றார்கள். ஒன்பதாவது ஆள் உள்ளே போனபோதே என் வேட்டியைத் துவைக்க வேண்டியதாகிவிட்டது.