பதினேழு சீட்டுகள்

காலை பத்தரை மணிக்கு மகள் போன் செய்தாள்.

"அம்மா, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும். அப்பாவும் ஊர்ல இல்ல, உன் கையெழுத்து இல்லாம வாங்க மாட்டாங்க. நான் உன் ஆபீசுக்கே கொண்டாரேன். அஞ்சே நிமிஷம்."

"அந்த வெல்டிங் படிப்பா?"

"ஆமாம்மா. கப்பல் கட்டற எடத்துலயே ட்ரெய்னிங். ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"வயசுப் பொண்ணு நெருப்புப் பொறிக்கு நடுவுல போய் நிக்கறதா? அதெல்லாம் ரொம்ப இம்ப்ராக்டிகல். சாயந்திரம் பேசிக்கலாம்."

"சாயந்திரம் பேசினா தேதி முடிஞ்சிடும்."

"வேலையா இருக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள் உதவியாசிரியை.

பொய்யில்லை, வேலைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று அந்த அலுவலகத்தில் ஒன்பது வருடமாக உருவாகிக்கொண்டிருந்தது. உருவாகிறது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒன்பது வருடத்தில் பாதி எழுத்துகளைத் தாண்டவில்லை. காரணம் முதன்மையாசிரியர். யார் என்ன யோசனை சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இம்ப்ராக்டிகல்" என்பார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்கலாமா என்றாலும் அதே பதில். மேற்கு ஜன்னலுக்கு ஒரு திரை கேட்டாலும் அதே பதில். அந்த மனிதர் மூளையைக் கடைசியாக எந்த வருடம் செலவழித்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

அன்றைக்கு உதவியாசிரியையின் மேசைக்கு வந்த சொல் அதே சொல். அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஏனென்றால் அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனையாக எழுதக்கூடாது. யாராவது நிஜமாகவே பேசியிருக்க வேண்டும். அதனால் ஊழியர்கள் எல்லோரும், பேச்சுவாக்கில் காதில் விழும் ஆங்கிலச் சொற்களைச் சீட்டில் குறித்து, சொன்னவர் யார், என்றைக்கு, யாரிடம் என்று எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒரு சொல்லைச் சொன்னவர் என்று யார் பேரில் அதிகச் சீட்டு இருக்கிறதோ அவர் வாக்கியம்தான் அச்சேறும். தட்டச்சு செய்கிற பெண் இதில் கெட்டி. அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வாயைத் திறக்க மாட்டாள், ஒரு வார்த்தையைத் தவற விடவும் மாட்டாள்.

'இன்னைக்கு மாட்டினார் மனுஷன்' என்று உதவியாசிரியை நினைத்துக்கொண்டாள். லட்சம் பிள்ளைகள் படிக்கப்போகிற புத்தகத்தில் அவருடைய சோம்பேறித்தனம் அவர் வாயாலேயே ஏறப்போகிறது.

முதலில் பொருள் எழுத உட்கார்ந்தாள். 'நடைமுறைக்கு ஒவ்வாத' என்று எழுதினாள். அதோடு விட மனம் வரவில்லை. கீழே பயன்பாட்டுக் குறிப்பு என்று போட்டு, அவர் முகத்தைக் கண்முன்னால் நிறுத்திக்கொண்டே எழுதினாள்: 'செய்யவே முடியாத ஒன்றை யாரும் இப்படிச் சொல்வதில்லை. செய்ய முடியும், ஆனால் சொல்பவருக்குச் செய்ய மனமில்லை. அந்த இடத்தில்தான் இச்சொல் பெரும்பாலும் வருகிறது. மனமில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட இது கௌரவமானது.' படித்துப் பார்த்தாள். தைத்த மாதிரி பொருந்தியது. ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, பெட்டியிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தாள்.

மொத்தம் பதினேழு. சொன்னவர் வாரியாகப் பிரித்து வைத்தாள். முதன்மையாசிரியருக்கு ஆறு. ஆறுதானா? கணக்காளருக்கு ஒன்று. மிச்சம் பத்திலும் சொன்னவர் என்ற இடத்தில் 'உதவியாசிரியை' என்று இருந்தது.

தப்பாக எழுதியிருப்பாள் என்று ஊமைக்கோட்டானை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். உதவியாசிரியை சீட்டுகளைப் படித்தாள்.

பெருக்குகிறவள் காலை ஏழு மணிக்கே வந்து போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. 'யாரு வந்து கதவு தொறக்கறது, இம்ப்ராக்டிகல்.' சாவி உதவியாசிரியையின் பையில்தான் இருந்தது, வீடும் எதிர்ச் சந்தில்தான். தங்கையிடம் போனில்: 'அப்பாவ நான் கூட்டிட்டு வந்து வச்சுக்கறதா? மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. ரொம்ப இம்ப்ராக்டிகல்.' அந்த அப்பா தங்கை வீட்டு நான்காவது மாடிக்கே தினமும் படியேறுகிறவர். கடைசிச் சீட்டு புத்தம் புதிது. இன்றைய தேதி. யாரிடம் என்ற இடத்தில் 'மகளிடம்'.

அவளுக்குக் காது மடல் சுட்டது. எழுதி வைத்திருந்த குறிப்பை மறுபடி படித்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முதன்மையாசிரியராவது முகத்துக்கு நேரே கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சொல்கிற ஆள். இவள் அவரைக் காறித் துப்பிக்கொண்டே அதே பிழைப்பை அவரைவிட மும்முரமாக நடத்தியிருக்கிறாள். ச்சீ என்று இருந்தது.

மணி மூன்றேகால். மகளுக்குப் போன் போட்டாள்.

"ஃபாரத்த எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடறேன்."

"அதக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏண்டி?"

"நீ சொன்னா சரியாத்தானேம்மா இருக்கும். அர்த்தம் எல்லாம் தெரிஞ்சவ."

"சரி, நான் அங்கயே போய் வேற ஃபாரம் வாங்கறேன். நீ நேரா வந்துடு."

"இங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். அங்க வரிசை வேற நிக்கும். அஞ்சு மணிக்குள்ளயா?" மகள் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டாள். "ரொம்ப இம்ப்ராக்டிகல்மா."

போன் வைக்கப்பட்டது. குரல் உயரவில்லை, கோபம்கூட இல்லை. அச்சு அசல் அம்மாவின் தோரணை.

உதவியாசிரியை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முதன்மையாசிரியர் கண்ணாடியைக் கழற்றுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் நிற்கவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தவள், நாற்பத்தாறு வயதில், அத்தனை பேர் பார்க்க, பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.