உப்புச் சேறு

ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸுக்குள் தள்ளியபோது வெள்ளைத் துணி விலகி நூர் அகமதுவின் கால்கள் வெளியே தெரிந்தன. முழங்கால் வரை சேறு. சாம்பல் நிறத்தில் காய்ந்து, கணுக்காலில் வெடித்து, விரல் இடுக்குகளில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. சைதூன் புருஷனுடைய முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம்.

"ஏறும்மா," என்றான் ஃபாரிஸ். "இப்பக் கெளம்புனாத்தான் இஷா தொழுகைக்கு முன்னாடி போய்ச் சேர முடியும்."

"நாகூர்ல எங்கடா இருக்கு இம்புட்டுச் சேறு?"

அவர் நாகூருக்கே போகவில்லை என்பது வந்து இறங்கியதுமே அம்மா, மகன் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கோடியக்கரை. ஊர் முடிந்து, உப்பளம் முடிந்து, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீரா மண்ணா என்று தெரியாத ஒரு வெளி. அந்தக் கரையிலிருந்துதான் விடிந்ததும் போன் வந்தது. "பாய் தவறிட்டாருங்க, வேதாரண்யம் தாண்டி வாங்க" என்று யாரோ சொன்னார். நாகூரிலிருந்து வைத்தியத்துக்கு அங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்றுதான் ஃபாரிஸ் நினைத்தான். திண்டுக்கல் பேகம்பூரில் எல்லாருக்கும் அப்படியே சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு கார் பிடித்தான்.

ஐப்பசி பிறந்தால் நூர் அகமது நாகூர் தர்காவுக்குப் போவது தெருவுக்கே தெரிந்த விஷயம். நாலைந்து நாள் இருந்துவிட்டு வருவார். திரும்பும்போது ஒரு டப்பா அல்வாவும் ஓதிக் கொடுத்த கயிறும் பையில் இருக்கும். அல்வாவைத் தெருவில் வீட்டுக்கு ஒரு விள்ளலாகக் கொடுப்பாள் சைதூன். கயிற்றைப் பேரப்பிள்ளைகள் கையில் கட்டுவாள். அவர் அதிகம் பேசாத மனுசர். தோல் மண்டியில் அத்தனை வருஷம் ஆட்டுத்தோலுக்கு உப்பு வைத்த கை. தர்காவைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. அதையும் பக்தி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

போன் செய்தவர் சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் பையைப் பிடித்தபடி நின்றார். பெயர் சிலுவைமுத்து. உப்பளத்தில் வேலை. அழுது முடித்த முகம்.

"எத்தன வருஷமா வாராக இங்க?" என்று சைதூன் அவரிடம் கேட்டாள்.

"அது ஆச்சும்மா, ரொம்ப வருஷம். மொதல்ல தோலுக்கு உப்பு பாக்கத்தான் வந்தாரு. லோடு ஏத்துறதுக்கு நேரமாச்சுன்னு அந்தக் கரையில போயி உக்காந்தாரு. அதுக்கப்புறம் உப்பு வேணாம்னாலும் வர ஆரம்பிச்சிட்டாரு."

"வந்து?"

"சும்மா உக்காந்திருப்பாரு. வாடைக்காத்து திரும்புனா பறவைங்க வரும்ல, அதப் பாத்துக்கிட்டு. பூநாரை, வாத்து, ஆலா, உள்ளான்னு வந்து எறங்கும். பேரெல்லாம் அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் பாதி தெரியாது. பெருசு, சின்னது, மூக்கு நீளம்னுதான் பேசிக்குவோம்." சிலுவைமுத்து லேசாகச் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இதப் பாக்கவா பாய் திண்டுக்கல்லேருந்து வர்றீங்கன்னு கேப்பேன். ஆமான்னுவாரு. அவ்வளவுதான்."

"தர்காவுக்கு?"

அவர் மஞ்சள் பையைப் பார்த்தார். "நான்தாம்மா நாகூர் போயி வாங்கியாருவேன். அல்வாவும் கயிறும். எனக்கும் ஒரு டப்பா வாங்கிக்கச் சொல்லுவாரு. எங்க பாதருக்குத் தெரிஞ்சா என்னய என்ன சொல்வாரோன்னு கேலி பேசிக்குவோம். இந்தத் தடவ முந்தாநாளே வாங்கிட்டேன்."

விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு நூர் அகமது கரைக்கு வந்திருக்கிறார். சிலுவைமுத்து டீ வாங்கப் போயிருக்கிறார். இரவெல்லாம் காற்று மாறி அடித்ததில் தூரத்தில் புதிதாக ஒரு கூட்டம் இறங்கியிருந்ததாம். கிட்டப் போய்ப் பார்க்க நினைத்துச் சேற்றில் இறங்கியிருக்கிறார். நெஞ்சு வலித்ததோ என்னவோ, திரும்பி வந்து கரையில் உட்கார்ந்திருக்கிறார். டீயோடு வந்தவர், உயிர் போனது தெரியாமல், அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைத்து டம்ளரைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளூர் டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

சைதூன் பையை வாங்கித் திறந்தாள். ஒரு கைலி, ஒரு தொப்பி, கயிறு, இரண்டு அல்வா டப்பா. ஒரு டப்பாவை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"இது ஒங்களுது."

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

*

வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளைப் பூச்சு. வெளியே எதுவும் தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும். ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் பக்கம் ஃபாரிஸ், இந்தப் பக்கம் சைதூன். வண்டி கிளம்பிச் சற்று தூரத்தில் வேகம் குறைந்தது. வேதாரண்யத்துக்கார டிரைவர் முன்னாலிருந்து சொன்னான்:

"இந்தா, இங்கனதாம்மா அவரு உக்காந்திருந்தது. நிறுத்தணுமா?"

"போங்கண்ணே, நேரமாகுது," என்றான் ஃபாரிஸ்.

வண்டி நிற்கவில்லை. சைதூன் வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே ஒரு சத்தம் கேட்டது. ரொம்ப தூரத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சனமெல்லாம் ஒரே நேரத்தில் பேசுவது போல. ஒரு சொல்லும் புரியாது. சனம் நிறைய என்பது மட்டும் தெரியும். இஞ்சின் சத்தம் ஏற ஏற அது தேய்ந்துகொண்டே வந்தது. எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்றோ ஒரு சாயங்காலம். மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார். "சைதூன், அங்கன பாரு," என்றார். மலைக்கோட்டைக்கு மேலே, ரொம்ப உயரத்தில், ஏதோ ஒரு கோடு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. "எது?" என்றாள். "கோடு மாதிரி போகுதுல்ல, அது." அவர் குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. அவள் நிமிர்ந்து, சரியாகப் பார்ப்பதற்குள், "அடுப்புல பால் இருக்கு," என்று இறங்கிவிட்டாள். அவர் மட்டும் மேலே நின்றார். பால் பொங்கவில்லை. அதற்கப்புறம் அவர் கூப்பிடவும் இல்லை.

அவள் அதை இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட நினைத்ததில்லை.

புதுக்கோட்டை தாண்டும்வரை ஃபாரிஸின் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. கடைசியில் அவன் அதை எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

"ஜமாத் குரூப்புல போட்டுட்டாங்கம்மா. நாகூர் தர்காவுல மவுத்துன்னு. பள்ளிவாசல் ஹஜ்ரத்து வரைக்கும் எழுதியிருக்காக, எம்புட்டுக் கொடுப்பினைன்னு."

"நீ என்ன எழுதுன?"

"நான் என்னத்த எழுத." அவன் குனிந்து அத்தாவின் கால்களைப் பார்த்தான். "போனதும் குளிப்பாட்ட எடுப்பாக. சாச்சா இருப்பாரு, இன்னும் நாலு பேரு இருப்பாக. இந்தக் காலப் பாத்தா கேக்க மாட்டாங்களா?"

சைதூன் விலகியிருந்த துணியைக் கால்மேல் இழுத்துவிட்டாள்.

மணப்பாறை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. ஃபாரிஸ் இறங்கிப் போய் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தோளில் துண்டோடு வந்தான். துணியை விலக்கி அத்தாவின் காலருகே மண்டியிட்டான்.

"என்னடா செய்யுற?"

"தொடச்சிடுறேம்மா."

"வேணாம்."

"ஒனக்குப் புரியலம்மா." அவன் குரல் உடைந்தது. "தர்காவுல மவுத்துன்னா ஒரு மருவாத. கொக்கு பாக்கப் போயிச் சேத்துல எறங்கி மவுத்தாயிட்டாருன்னா? காலம்பூரா பேசுவாங்க. ரெண்டு பாட்டில் தண்ணி. போயிரும். ஒனக்கும் எனக்கும்தான் தெரியும்."

அவன் துண்டை நனைத்தான். சைதூன் கையை நீட்டிக் கணவனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். சேறு ஓடு மாதிரி இருந்தது. அடியில் குளிர்ச்சி. மூக்குக்கு உப்பு வாடை வந்தது. மண்டியிலிருந்து வரும்போது அவர் சட்டையில் இருக்குமே, அதே உப்பு. தோல் வாடை மட்டும் இல்லை. வேர்வையும் உப்பும் காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைத் தேய்த்துத் துவைத்தே அவளுக்குக் கை காய்த்துப் போயிற்று. இது இத்தனை வருஷமும் அவள் அறியாத இடத்து உப்பு.

"கையெடும்மா."

"நான் கழுவச் சொல்லல."

"கேப்பாகம்மா."

"கேக்கட்டும்."

அவன் துண்டைப் பிழிந்து தோளில் போட்டான். பிறகு பாட்டிலைத் திறந்து, தானே குடித்தான். குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். காலையிலிருந்து இரண்டு பேரும் எதுவும் குடித்திருக்கவில்லை.

*

பேகம்பூரில் தெரு நிறைய நாற்காலிகள். ஆண்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். சைதூனை உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். நூர் அகமதுவின் தங்கை முஹ்சினா வந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"மதினி, எங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்? அவுலியா காலடியில மவுத்து. எம்புட்டுப் பேரு தவமா தவமிருந்தும் கெடைக்கல."

மற்றப் பெண்கள் ஆமா ஆமா என்றார்கள். மஞ்சள் பை யார் கையிலோ மாறி முஹ்சினாவிடம் போயிருந்தது. அவள் டப்பாவைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அண்ணன் கடைசியா வாங்குன தர்கா தபரூக்," என்று திறந்து, ஆளுக்கு ஒரு விள்ளலாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனாள். சைதூனின் கையிலும் ஒன்று வைத்தாள்.

உள்ளறை ஜன்னலுக்கு வெளியேதான் பின்முற்றம். போர்வைகளை நாலாபுறமும் கட்டித் திரை போட்டு, நடுவில் பலகை போட்டிருந்தார்கள். மையத்தை, அவர் உடலை, தூக்கி வரும் காலடிச் சத்தம் கேட்டது. பிஸ்மி சொல்லும் சத்தம். வாளி வைக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"ஃபாரிஸு." ஃபாரிஸ் சொன்ன சாச்சா, கொழுந்தன் மன்சூரின் குரல். "அத்தா கால்ல என்னப்பா, முழங்காலு வரைக்கும் சேறா இருக்கு?"

இன்னொருவர் கேட்டார்: "கடல்ல எதுவும் எறங்குனாரா? நாகூர்ல கடல் மணலாத்தான இருக்கும்?"

"அது..." என்றான் ஃபாரிஸ்.

உள்ளே பெண்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வெளியே மகன் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருப்பது சைதூனுக்குத் தெரிந்தது. அவன் எதைச் சொன்னாலும் அதுதான் இனி நிற்கும்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"பறவ பாக்கப் போயிருந்தாக," என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"என்ன மதினி?" என்றாள் முஹ்சினா.

"கோடியக்கரைக்கு. வருஷா வருஷம் அங்கதான் போவாக. நாகூருக்கு இல்ல. பறவ வந்து எறங்கும், அதப் பாக்க." கொஞ்சம் நிறுத்தி, "கிட்டப் போயிப் பாக்கச் சேத்துல எறங்குனாக," என்றாள்.

அறைக்குள் பெண்கள் உள்ளங்கையில் அல்வாவை வைத்துக்கொண்டு, தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். முஹ்சினா தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

வெளியிலிருந்து மன்சூரின் குரல் கேட்டது. அண்ணனிடமே பேசுவது போலத் தாழ்ந்த குரல்.

"எங்கிட்ட ஒருதடவ கேட்டாரு. வாரியாடான்னு. நாகூருக்குத்தான்னு நெனச்சு, யாவாரம் இருக்குன்னுட்டேன்." பிறகு, "ஊத்து ஃபாரிஸு. மெதுவா ஊத்து," என்றார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சைதூன் அல்வாவை வாயில் போட்டுக்கொண்டாள். வழக்கமான ருசிதான்.

*

இஷாவுக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். கலிமாச் சத்தம் தெரு முக்கு திரும்பியதும் குறைந்தது. பெண்கள் யாரும் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போவதில்லை. வாசல்வரைகூட சைதூன் வரக்கூடாது. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் அந்த அறையும் முற்றமும்தான்.

"மாசி வரைக்கும் வரும் மைனி," என்று விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. "மாசி பொறந்துதான் வெளிய வருவீக."

மாசிக்குள் பறவைகள் எல்லாம் திரும்பிப் போக ஆரம்பித்துவிடும் என்று சிலுவைமுத்து சொல்லியிருந்தார். சைதூன் தலையாட்டினாள்.

மறுநாள் காலை வெயில் முற்றத்தில் இறங்கியது. திரைகளைக் கழற்றிவிட்டார்கள். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது கிடந்த இடத்திலிருந்து சாக்கடை வரை, குளிப்பாட்டிய தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம். சிமெண்டுத் தரையில் அதன் ஓரமாக வெள்ளையாக உப்புப் பூத்து, மெல்லிய கோடாக நின்றது. நேராக இல்லை. தரை மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து, ஓரிடத்தில் விட்டுப்போய், மறுபடி சேர்ந்து, வளைந்து வளைந்து போயிற்று.

மருமகள் பாஸிலா வாளியும் துடைப்பமுமாக வந்தாள்.

"தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடவா மாமி? ஆளு வர போக இருப்பாங்க."

"இருக்கட்டும்."

பாஸிலா தரையையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மவுத் வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. சமையலறையில் சத்தமில்லை. சைதூன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோடு போன வழியைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.